பேருக்குத்தான் பேப்பர் கப்!

தமிழ்நாட்டில் பேப்பர் கப்பில் டீ கொடுப்பது சட்டவிரோதம். புதிதாக வந்த உத்தரவு ஒன்றுமில்லை. 2019 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் தடை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப், பேப்பர் தட்டு இரண்டும் இருக்கின்றன. தயாரிக்கக் கூடாது, இருப்பு வைக்கக் கூடாது, வண்டியில் ஏற்றக் கூடாது, விற்கக் கூடாது, பயன்படுத்தவும் கூடாது. ஆனால், ஏதாவது ஒரு பேருந்து நிலையத்தில் இறங்கி டீ கேட்டுப் பாருங்கள். “கிளாஸா, பேப்பர் கப்பா?” என்றுதான் மாஸ்டர் திருப்பிக் கேட்பார்.

கல்யாண மண்டபம், அலுவலக கேன்டீன், கட்சிக் கூட்டம், ஆஸ்பத்திரி வாசல் என்று பேப்பர் கப் புழங்காத இடம் இல்லை. கடைத்தெருவில் ஐம்பது, நூறாக அடுக்கிய பாக்கெட்டுகள் பட்டப்பகலில் தொங்குகின்றன. ஒரு டீ கப்பின் மொத்த விலை ஒரு ரூபாய்க்கும் கீழே.

தடையும் இருக்கிறது, தடை செய்த பொருளும் இருக்கிறது. இதில் நஷ்டம் குடிக்கிறவருக்குத்தான். சட்டப்படி இருக்கவே கூடாத கப்புக்கு எந்தக் கடைக்காரர் தரச் சான்று கேட்பார்? எந்தத் தயாரிப்பாளர் தன் பெயரையும் முகவரியையும் துணிந்து அச்சடிப்பார்? நல்ல கப்பும் மட்டமான கப்பும் ஒரே பாக்கெட்டில் கலந்து வந்தாலும் கண்டுபிடிக்க நமக்கு வழியில்லை.

மெழுகு அல்ல, பாலிஎத்திலீன்

பேப்பர் கப்பைப் பற்றி ஊரில் உலவும் பயம் மெழுகைப் பற்றியது. ‘உள்ளே மெழுகு தடவியிருக்கான், சூட்டுல கரைஞ்சு வயித்துல படியும்’ என்ற எச்சரிக்கை எட்டாத வாட்ஸ்அப் குழு குறைவு. ஒரு காலத்தில் மெழுகு இருந்தது உண்மைதான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ரயில் நிலையங்களிலும் பள்ளிகளிலும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு குவளை தொங்கும். நோயாளியும் குழந்தையும் அதில்தான் குடிக்க வேண்டும். 1907 வாக்கில் பாஸ்டன் வழக்கறிஞர் லாரன்ஸ் லூயெல்லன் இதற்கு மாற்றாகக் காகிதக் கப்பை உருவாக்கினார். காசநோய் பயத்தில் 1909இல் கான்சாஸ் மாநிலம் பொதுக் குவளையைத் தடை செய்தது. ‘ஹெல்த் கப்’ என்ற பெயரில் விற்ற அந்தக் காகிதக் கப், 1918இன் ஃப்ளூ கொள்ளைநோய்க்குப் பிறகு, 1919இல் ‘டிக்ஸி கப்’ ஆனது. நோய் பயத்தில் பிறந்த பொருள், நோய் பயத்திலேயே வளர்ந்தது. 2020இல் கொரோனா வந்தபோது நம்மூர் டீக்கடைகளும் கண்ணாடி கிளாஸை ஓரங்கட்டியது இந்தக் கதையின் அடுத்த அத்தியாயம்தான்.

பாரஃபின் மெழுகு குளிர்ந்த தண்ணீருக்குச் சரி; காபிச் சூட்டுக்குத் தாங்காது. அந்த இடத்தைப் பின்னாளில் பாலிஎத்திலீன் பிடித்தது. 1933இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. ஆய்வகத்தில் தற்செயலாகக் கண்டறியப்பட்ட பிளாஸ்டிக் இது. இன்றைக்கு டீ கப்பின் உள்பக்கம் பளபளப்பது பெரும்பாலும் எல்.டி.பி.இ. என்று தொழிலில் சொல்லப்படும் குறைந்த அடர்த்திப் பாலிஎத்திலீன். கேரி பேக் செய்யப் பயன்படும் அதே ரகம்.

ஒரு கப் உருவாகும் விதம்

முதலில் அட்டை. டீ கப்புக்குச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் எடையுள்ள அட்டை தேவை. பெரிய கப்புக்கு 300 கிராம் வரை போகும். இந்த எடைக் கணக்கை ‘ஜி.எஸ்.எம்.’ என்று சொல்வார்கள். நல்ல கப்புக்கு முதல்தர மரக்கூழில் செய்த அட்டைதான் வேண்டும். பழைய பேப்பரைக் கரைத்துச் செய்த அட்டையில் அச்சு மையின் மிச்சம், கனிம எண்ணெய், ரசீதுத் தாளிலிருந்து வரும் பிஸ்பீனால் என எல்லாமே ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

அடுத்தது பூச்சு. பாலிஎத்திலீன் மணிகளை 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்கி, திரைபோல வடியவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் அட்டைமேல் அழுத்துகிறார்கள். சதுர மீட்டருக்கு 15 முதல் 20 கிராம் பூச்சு. அதன் தடிமன் ஏறத்தாழ 20 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. சூடான பானத்துக்கான கப்பில் உள்பக்கம் மட்டும் பூச்சு இருக்கும். ஐஸ்கிரீம், குளிர்பானக் கப் வெளியே வியர்க்கும் என்பதால் இரண்டு பக்கமும் பூசுவார்கள்.

பூச்சோடு வரும் ரீலில் அச்சடித்து, விசிறி வடிவத்தில் வெட்டுவார்கள். இந்தத் துண்டுக்கு ‘பிளாங்க்’ என்று பெயர். இயந்திரம் அதை உருளையில் சுற்றி, ஓரத்தைச் சூட்டாலோ மீயொலி அதிர்வாலோ ஒட்டுகிறது. கப்பில் தனியாகப் பசை கிடையாது. உருகிய பாலிஎத்திலீனே பசை. இன்னொரு ரீலிலிருந்து அடிவட்டத்தை வெட்டிச் செருகி, சூடாக்கி அழுத்துவார்கள், அது ‘நர்லிங்’. கடைசியில் விளிம்பை வெளிப்பக்கம் சுருட்டுவது ‘கர்லிங்’. விளிம்பு கிழியாமல் சுருள ஒரு சொட்டு சிலிகோன் எண்ணெய் தடவுவதுண்டு. உதடு படுகிற இடம் அதுதான். உணவுக்கு உகந்த எண்ணெய்க்குப் பதில் மலிவான மெஷின் ஆயிலைத் தடவினாலும் வெளியே தெரியாது.

சிறு பட்டறைக்காரர் அட்டை செய்வதில்லை, பூச்சு போடுவதில்லை, பல நேரம் அச்சும் அடிப்பதில்லை. வெட்டித் தயாராக வரும் பிளாங்கை வாங்கி, ஒரு ஷெட்டில் இயந்திரத்தைப் போட்டு, நிமிடத்துக்கு ஐம்பதுக்குக் குறையாமல் கப்பாக மாற்றித் தருகிறார். பூச்சு சீராக விழுந்ததா, நடுவே ஊசித்துளை இருக்கிறதா, எந்த ரக பிளாஸ்டிக் என்பதெல்லாம் அவர் கைக்கு வருமுன்பே முடிவாகிவிட்டது. கப்பைப் பரிசோதிக்க அவரிடம் ஆய்வகமும் கிடையாது.

அச்சிலும் ஒரு சிக்கல். கப்புகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகித்தான் பாக்கெட் போடுகிறார்கள். ஒரு கப்பின் வெளிப்பக்க மை, அடுத்த கப்பின் உள்பக்கத்தில் படுகிறது. அதனால்தான் உணவுப் பொட்டலத்துக்கான மைக்கு ஐ.எஸ். 15495 என்று தனித் தரமே இருக்கிறது. கட்சிக் கொடியும் தலைவர் படமும் ஜொலிக்கும் கப்பில் எந்த மை என்று யார் பார்த்தது?

சூடு என்ன செய்கிறது?

எல்.டி.பி.இ. உருகுவது சுமார் 105 முதல் 115 டிகிரியில். டீ அந்த அளவுக்குப் போவதில்லை. ஆனால், உருகும் முன்பே பிளாஸ்டிக் இளகத் தொடங்கிவிடும். அடுப்பிலிருந்து இறங்கிய டீ 85, 90 டிகிரியில் கப்பில் விழும்போது பூச்சு அந்த இளகும் எல்லைக்கு அருகில்தான் இருக்கிறது.

காரக்பூர் ஐ.ஐ.டி.யின் சிவில் பொறியியல் துறைப் பேராசிரியர் சுதா கோயல், ஆய்வாளர்கள் வேத் பிரகாஷ் ரஞ்சன், அனுஜா ஜோசப் மூவரும் இதைச் சோதித்தார்கள். கடைகளில் கிடைக்கும் பேப்பர் கப்பில் 85 முதல் 90 டிகிரி சூட்டில் சுத்தமான நீரை ஊற்றி, 15 நிமிடம் வைத்தார்கள். 100 மில்லி நீரில் ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் இறங்கியிருந்தன. நாளுக்கு மூன்று கப் குடிப்பவருக்கு 75,000. பூச்சுப் படலத்தில் ஈயம், குரோமியம், காட்மியம் போன்ற உலோகங்களும் தென்பட்டன. ‘ஜர்னல் ஆஃப் ஹசார்டஸ் மெட்டீரியல்ஸ்’ இதழில் 2021இல் வெளியான இந்த ஆய்வுதான் நம் நாட்டில் பேப்பர் கப் விவாதத்தைத் திருப்பியது.

15 நிமிடம் யார் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று கேட்கலாம். டீக்கடையில் நிற்பதில்லை, அலுவலக மேஜையில் நிற்கிறது. மீட்டிங் ஹாலில், நோயாளியின் கட்டில் ஓரத்தில் ஆறிப்போகும்வரை நிற்கிறது. சூடும் நேரமும் சேரும்போதுதான் துகள் உதிர்வது கூடுகிறது.

எடையா, எண்ணிக்கையா?

கப் விற்பவர்கள் தரப்பில் ஒரு வாதம் உண்டு: “எங்கள் கப் அரசு நிர்ணயித்த அளவுக்குள்தான் இருக்கிறது.” அவர்கள் பொய் சொல்லவில்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுப் பொட்டல விதிகளின்படி, பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் இறங்கும் மொத்தப் பொருள் ஒரு கிலோவுக்கு 60 மில்லிகிராமையோ, சதுர டெசிமீட்டருக்கு 10 மில்லிகிராமையோ தாண்டக் கூடாது. ஒழுங்காகச் செய்த கப் இந்தச் சோதனையில் எளிதாகத் தேறிவிடும்.

சிக்கல் அளவுகோலில் இருக்கிறது. அது எடையை அளக்கிறது. நுண்துகள்களுக்கு எடை அற்பம், எண்ணிக்கை அபாரம். அமெரிக்காவின் தேசியத் தர மற்றும் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் 2022இல் பாலிஎத்திலீன் பூசிய சூடான பானக் கப்புகளில் கொதிநீர் ஊற்றிப் பார்த்தபோது, லிட்டருக்கு லட்சம் கோடிக் கணக்கில் நானோ துகள்கள் வெளியேறின. ஆனால், அவற்றின் மொத்த எடை அந்நாட்டு விதி அனுமதிக்கும் அளவுக்குள்தான் இருந்தது. விதியை எழுதியவர்கள் கரைந்து இறங்கும் ரசாயனத்தை மனத்தில் வைத்திருந்தார்கள். உதிர்ந்து விழும் துகளை எண்ணும் விதி இன்னும் எழுதப்படவில்லை.

துகள் உடலுக்குள் போனால் என்ன ஆகும்? 2024இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ வெளியிட்ட இத்தாலிய ஆய்வு, கழுத்துத் தமனி அடைப்புக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் படிவுகளை ஆராய்ந்தது. இறுதிவரை கண்காணித்த 257 பேரில் 150 பேரின் படிவுகளில் பாலிஎத்திலீன் இருந்தது. நுண்பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு அடுத்த 34 மாதங்களில் மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேரும் ஆபத்து நான்கரை மடங்காகத் தெரிந்தது. பிளாஸ்டிக்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, தொடர்பைக் காட்டியது. அந்தப் பிளாஸ்டிக் டீ கப்பிலிருந்து வந்ததா, தண்ணீரிலிருந்தா, காற்றிலிருந்தா என்றும் பிரித்துச் சொல்ல முடியாது. பீதியடைய இது போதாது. தவிர்க்கக்கூடியதைத் தவிர்க்க இது போதும்.

எண்ணெய்க்கு வேறு பூச்சு

கப்போடு கதை முடிவதில்லை. கல்யாணப் பந்தியில் விரிக்கிற பச்சைநிறப் ‘பேப்பர் வாழை இலை’யின் வழவழப்பும் பிளாஸ்டிக்தான். சுடுசோறும் கொதிக்கும் சாம்பாரும் அதன்மேல் விழுகின்றன. கையேந்தி பவனின் வெள்ளித்தட்டு மலிவான அட்டைமேல் ஒட்டிய பளபளப் பிளாஸ்டிக் படலம்.

எண்ணெய் ஊறாத பர்கர் தாள், பாப்கார்ன் பை, கரும்புச் சக்கைக் கூழை அச்சில் வார்த்த கிண்ணம் போன்றவற்றில் பிளாஸ்டிக் படலம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். அங்கே இன்னொரு விருந்தாளி வரக்கூடும்: ‘பி.எஃப்.ஏ.எஸ்.’ என்ற ஃபுளோரின் ரசாயனக் குடும்பம். எளிதில் சிதையாது என்பதால் ‘நிரந்தர ரசாயனம்’ என்று இதற்குப் பட்டப்பெயர். அமெரிக்கத் துரித உணவகங்களில் எடுத்த சுமார் 400 மாதிரிகளை 2017இல் ஆராய்ந்தபோது, உணவைச் சுற்றும் தாள்களில் 46 விழுக்காட்டிலும் அட்டைகளில் 20 விழுக்காட்டிலும் ஃபுளோரின் இருந்தது. டென்மார்க் 2020 ஜூலையிலேயே உணவுக் காகிதத்தில் இதைத் தடுத்தது. எண்ணெய் தடுக்கும் இந்த ரசாயனங்கள் உணவுப் பொட்டலத்துக்காக விற்கப்படுவது நின்றுவிட்டதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டுப்பாடு 2026 ஆகஸ்ட் 12ஐ நாளாகக் குறித்தது. ‘பிளாஸ்டிக் இல்லை’ என்று பெட்டியில் எழுதியிருந்தால் மட்டும் நிம்மதி அடைய முடியாது. பிறகு எண்ணெய் ஏன் ஊறவில்லை என்று கேட்க வேண்டும்.

குப்பையிலும் சேராத குப்பை

குடித்து எறிந்த கப்பைப் பழைய பேப்பர் கடையில் போட முடியாது. கூழாக்கும் தொட்டியில் அட்டை கரையும், படலம் கரையாது. இரண்டையும் பிரிக்கத் தனி ஏற்பாடு வேண்டும். பிரிட்டனில் ஆண்டுக்குச் சுமார் 250 கோடி கப்புகள் எறியப்படுவதாகவும், அவற்றில் நானூற்றுக்கு ஒன்றுகூட மறுசுழற்சிக்குப் போவதில்லை என்றும் கணக்கு வெளிவந்தபோது, 2018 ஜனவரியில் நாடாளுமன்றக் குழு ஒன்று ஒவ்வொரு கப்புக்கும் 25 பென்ஸ் கூடுதல் வரி போடச் சொன்னது. நம்மூரில் அந்தக் கப் குப்பைமேட்டுக்கோ தீக்கோ போகிறது. அட்டை மக்கிவிடும், படலம் சாக்கடையில் தங்கும்.

மக்காச்சோளம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் ‘பி.எல்.ஏ.’ பூச்சு மக்கும் என்பார்கள். 60 டிகிரியை ஒட்டிய சூட்டில் இயங்கும் தொழிற்சாலை உரக்கிடங்கில் அது மக்கும். தெருவோரத்தில் அவ்வளவு எளிதாக மக்காது. சுவீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழக ஆய்வு 2023இல் இத்தகைய கப்புகளை நீரிலும் வண்டலிலும் சில வாரங்கள் ஊறவைத்தது. அந்த நீர் கொசுவைப் போன்ற ஒரு பூச்சியின் புழுக்களின் வளர்ச்சியைப் பாதித்தது.

கோர்ட் சொன்னது, ஊர் செய்தது

தமிழ்நாடு அரசின் தடையை எதிர்த்துப் பேப்பர் கப் உற்பத்தியாளர்கள் உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 2023 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. பூச்சுள்ள கப் மீதான தடை அறிவியல் அடிப்படையில் பொதுநலனுக்காக எடுத்த கொள்கை முடிவு என்று நீதிபதிகள் ரவீந்திர பட், நரசிம்மா அமர்வு ஏற்றது. நெய்யாத துணிப்பை மீதான தடையை மட்டும் மறுபரிசீலனை செய்யச் சொன்னது.

ஆனால், 2022 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த மத்திய அரசின் தடைப் பட்டியலில் பிளாஸ்டிக் கப் இருக்கிறது. பூச்சுள்ள பேப்பர் கப் இல்லை. ஒரு மாநிலத்தில் குற்றமானது எல்லை தாண்டினால் வியாபாரம். எல்லைதாண்டி வரும் லாரியை எந்தச் சோதனைச் சாவடி நிறுத்தும்? பட்டறை வைத்தவர்களில் பலர் ‘பிளாஸ்டிக்குக்கு மாற்று’ என்று நம்பி வங்கிக் கடன் வாங்கியவர்கள். தடை வந்தபோது அவர்கள் தவணை நிற்கவில்லை. இந்த நியாயத்தையும் ஒதுக்கிவிட முடியாது.

ஐரோப்பிய ஒன்றியம் எடுத்த வழி வேறு. 2021 ஜூலை 3 முதல் பூச்சுள்ள காகிதக் கப்பிலும் ‘இதில் பிளாஸ்டிக் உண்டு’ என்று அடையாளம் அச்சிட வேண்டும். அங்கே சட்டத்தின் கண்ணுக்கு அது பிளாஸ்டிக் பொருள். வாங்குகிறவரின் கண்ணுக்கும் அப்படியே தெரிகிறது.

கிளாஸுக்குத் திரும்பலாமா?

வெந்நீரில் கழுவிய கண்ணாடி கிளாஸ், எவர்சில்வர் டம்ளர், பித்தளை டபரா: இவற்றிலிருந்து பிளாஸ்டிக் உதிர்வதில்லை. பிறகு ஏன் கூட்டம் கப்பைத் தேடுகிறது? ஒரே வாளித் தண்ணீரில் ஐம்பது கிளாஸை முக்கியெடுக்கும் காட்சியைப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். கழுவ ஆள் வேண்டும், தண்ணீர் வேண்டும், இடம் வேண்டும். கப் இந்த மூன்று செலவையும் கடைக்காரரிடமிருந்து நகராட்சியின் தலைக்கு மாற்றிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. சாதி பார்த்துத் தனிக் குவளை நீட்டும் இரட்டைக் குவளை முறை இந்த மண்ணின் அவமானம். சில ஊர்களில் தூக்கியெறியும் கப் ஒரு சாராருக்கு மட்டும் நீட்டப்பட்டு, அந்தப் பழைய பாகுபாட்டுக்குப் புதிய போர்வையானது செய்தியாக வந்திருக்கிறது. எனவே கிளாஸுக்குத் திரும்பும்போது, எல்லாருக்கும் ஒரே அலமாரியிலிருந்து ஒரே கிளாஸ், ஒரே வெந்நீர்க் கழுவல் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியவை

• கடையில் கிளாஸைக் கேளுங்கள். வெந்நீரில் அலசித் தரச் சொல்லுங்கள்.
• அலுவலகத்தில் சொந்தமாக ஒரு டம்ளர் வைத்துக்கொள்ளுங்கள்.
• வேறு வழியின்றிப் பேப்பர் கப்பில் குடித்தால் சில நிமிடங்களில் குடித்து முடியுங்கள். அதே கப்பில் மறுமுறை ஊற்றாதீர்கள், மைக்ரோவேவில் வைக்காதீர்கள்.
• உள்பக்கம் மை படிந்த, அடி கசியும், வாடை வீசும் கப்பைத் திருப்பிக் கொடுங்கள்.
• குழந்தைகளின் பால், கஞ்சிக்குப் பூச்சுள்ள கப் வேண்டாம்.
• விசேஷ வீட்டில் நிஜ வாழை இலைக்கும், வாடகை டம்ளருக்கும் கழுவும் ஆளுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இரண்டில் ஒன்று

மேலே சொன்னவை தனிமனித முன்னெச்சரிக்கை. அரசு செய்ய வேண்டியது வேறு. தடையை உண்மையாகவே அமலாக்குவதென்றால் டீக்கடைக்காரருக்கு அபராதம் போட்டால் மட்டும் போதாது. பூச்சுபோடும் ஆலையிலும் மொத்தக் கிடங்கிலும் கை வைக்க வேண்டும். பட்டறைக்காரருக்கு வேறு தொழிலுக்கு மாறக் கடன் உதவி வேண்டும். பேருந்து நிலையங்களில் கிளாஸ் கழுவ வெந்நீர்க் குழாய் வேண்டும்.

அது முடியாதென்றால் அதை ஒப்புக்கொள்ளுங்கள். தடையைத் திருத்தி, ஒவ்வொரு கப்பிலும் தயாரிப்பாளர் பெயர், பூச்சின் ரகம், ‘இதில் பிளாஸ்டிக் உண்டு’ என்ற வரி மூன்றையும் அச்சிடச் சொல்லுங்கள். கடைகளில் மாதிரி எடுத்துச் சோதித்து, முடிவை ஊரறிய வெளியிடுங்கள். எடையோடு துகளையும் எண்ணுங்கள். காகிதத்தில் மட்டும் இருக்கும் தடை, கடைத்தெருவில் மட்டும் இருக்கும் கப்பைச் சோதனையிலிருந்து காப்பாற்றுகிறதே தவிர, அதில் குடிப்பவரைக் காப்பாற்றவில்லை.